ஆறடிக் காசோலை

உறுமி மேளம் திடீரென்று அதிர்ந்ததில் மயிலம்மாளின் கையிலிருந்த தோசைக் கரண்டி தரையில் விழுந்தது. காலை மணி எட்டேகால். மலேசியாவின் கோலா கிளாவாங் ஊரிலிருந்து மலைப்பாதையில் நாலு மைல் தள்ளி இருக்கும் அந்த ஒற்றை வீட்டில், அந்த நேரத்துக்குக் கேட்கக்கூடிய பெரிய சத்தம் குரங்குகளின் சண்டைதான்.

“ஏங்க, யாரு செத்துட்டா?”

மணியம் தீபாவளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தார். “வாயக் கழுவு. யாரும் சாகல. நிதியம் வந்திருச்சு. கடன் கொடுக்க வர்றாங்க.”

“கடன வசூல் பண்ண வர்றவன் சத்தம் போட்டுக்கிட்டு வருவான், பாத்திருக்கேன். கொடுக்க வர்றவன் மேளத்தோட வர்றத இப்பதான் பாக்குறேன்.”

இரண்டு லோரிகள் வாசலுக்கு வந்து நின்றன. ஒன்றில் கூடாரமும் நூற்றைம்பது நாற்காலிகளும். இன்னொன்றில் ஒலிபெருக்கியும் உறுமிக் குழுவும். பின்னால் சிறுதோட்டக்காரர் உயர்வு நிதியத்தின் ஊழியர்கள் நாற்பத்தோரு பேர், ஒரே நிறச் சட்டையில். கடன் வாங்குகிறவர் ஒரே ஒருவர். அவர் தோசை சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

மணியத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம். இருபது வருஷம் எஸ்டேட்டில் உழைத்த காசில் வாங்கியது. அதில் நின்ற, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு இருபத்தேழு வயதாகி, கொக்கிக் கத்தி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. குலை வெட்டும் ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கு ஏணி இல்ல, ஹெலிகாப்டர்தான் வேணும்” என்று திரும்பிப் போனார்கள். ஆனாலும் எட்டின மரங்களில் மாதம் இரண்டு தடவை வெட்டியதில் அரிசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. மரங்களை அகற்றிவிட்டுப் புதுக் கன்று நட வேண்டும். அதற்குத்தான் நிதியத்தில் இருபத்தெட்டாயிரம் வெள்ளி மறுநடவுக் கடன் கேட்டிருந்தார்.

நிதியத்தின் முதல் விதி, கடன் கேட்பவர் முதலில் பழைய மரங்களை வெட்டிக் காட்ட வேண்டும் என்பது. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே கடன் தேவை என்பது நிரூபணமாகும்.

“வெட்டிட்டா வருமானம் போயிருமே தம்பி. அப்புறம் கடன் வரலன்னா?” என்று மணியம் அப்போதே கேட்டார்.

“நம்பிக்கைதான் அங்கிள் விவசாயம்” என்றார் விண்ணப்பத்தை வாங்கிய ரஜீவன்.

மணியம் நம்பினார். கையில் இருந்த சேமிப்பு முழுவதையும் மண்வாரி இயந்திரக்காரனுக்குக் கொடுத்து, முந்நூறு மரங்களையும் சாய்த்தார். சாய்ந்த மரங்களுக்கு நடுவில்தான் இப்போது கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது.

நிதியத்தின் தலைவர் திருநாவுக்கரசு ஒன்பதரைக்கு வந்தார். காரை விட்டு இறங்கியதும் காலணியில் மண் ஒட்டிவிட்டது. விவசாயத்தோடு அவருக்கு அன்று ஏற்பட்ட தொடர்பு அதுதான். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நானும் கஷ்டப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன். கஷ்டம் எவ்வளவு கொடுமையானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதைவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். சென்ற ஆண்டு சிறுதோட்டக்காரர்களின் துயரத்தை ஆராய நானும் என் குடும்பத்தாரும் மூன்று நாடுகளுக்குச் சென்றோம். அங்கேயும் துயரம் இருக்கிறது என்று கண்டறிந்தோம். அந்த ஆராய்ச்சியின் பலன்தான், இதோ, இந்தக் காசோலை!”

காசோலை வந்தது. அகலம் ஆறடி, உயரம் மூன்றடி. இரண்டு பேர் கதவைத் தூக்கி வருவது போலத் தூக்கி வந்தார்கள். மணியத்தின் பெயரும் தொகையும் ஒட்டுப் பட்டைகளில் இருந்தன. மணியம் அதன் ஒரு முனையைப் பிடித்தார். தலைவர் மறு முனையைப் பிடித்தார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார். அப்புறம் ஆனந்தக் கண்ணீர் விடச் சொன்னார். வரவில்லை.

“மரங்க சாஞ்சு கிடக்கறதப் பாருங்க அங்கிள்” என்று ரஜீவன் காதில் சொல்லிக் கொடுத்தார். பார்த்தார். வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. நாற்காலிகள் லோரியில் ஏறின. காசோலையும் ஏறியது.

“தம்பி, அது... எனக்கில்லையா?”

“ரெம்பாவ்ல அடுத்த நிகழ்ச்சி இருக்கு அங்கிள், அங்க வேணும். இது மாதிரிக் காசோலைதானே. நிஜப் பணம் மூணு வாரத்துல உங்க கணக்குல ஏறிடும்” என்று சொன்ன ரஜீவன், காசோலையிலிருந்து ‘மணியம்’ என்ற பட்டையைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தார். “இத வச்சுக்குங்க, ஞாபகமா இருக்கும்.”

மயிலம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். “பரவால்ல. பேரையாச்சும் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

மறுநாளே மணியம் அந்தோனியின் நாற்றுப் பண்ணைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். அந்தோனி முன்பணம் வாங்காமல், வாய்ப்பேச்சை நம்பியே இருநூற்றுத் தொண்ணூறு செம்பனைக் கன்றுகளை எடுத்து வைத்தார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“மணியண்ணே, வருஷக் கடைசி மழை வரைக்கும் வச்சிருப்பேன். அதுக்கு மேல பையிலயே வேர் சுத்திக்கும், நட்டாலும் உருப்படாது. கன்னு காத்துக்கிட்டு இருக்காதுலா.”

“மூணு வாரம்தான் அந்தோனி. தலைவரே வந்துட்டுப் போயிட்டாரு.”

மூன்று வாரம் போயிற்று. பணம் வரவில்லை. ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. முதல் மாதத் தவணை நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளியை ஏழு நாளைக்குள் கட்டும்படி நிதியம் அன்போடு கேட்டிருந்தது.

மணியம் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினார்.

நிதியத்தின் கட்டடம் இரண்டு மாடி. மேல் மாடி முழுக்கக் குளிர்சாதனம். அங்கே தவணை வசூல் பிரிவு, இருபத்திரண்டு ஊழியர்கள். கடன் வழங்கும் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதில் ரஜீவன் ஒருவர். மாதிரிக் காசோலையும் இட நெருக்கடியால் அங்கேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால், ரஜீவன் அதற்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

வசூல் பிரிவின் பொறுப்பாளர் குமுதினி. இனிமையான பெண். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார்.

“பணமே வரலம்மா. வராத பணத்துக்கு எப்படித் தவணை கட்டறது?”

குமுதினி கணினியைத் திருப்பிக் காட்டினார். அதில் மணியம் காசோலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“இது நீங்கதானே அங்கிள்?”

“நான்தான்.”

“கையில இருக்கறது என்ன?”

“காசோலை. ஆனா அது மாதிரி...”

“எங்க முறைப்படி, படம் எடுத்த தேதியில இருந்து தவணை தொடங்கும். எங்க பிரிவு ஒரு நாள்கூடப் பிந்தினதில்ல. பணம் கொடுக்கறது வேற பிரிவு அங்கிள். அவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு நாங்க கேக்கக்கூடாது. அது நாகரிகமில்ல.”

மணியம் கீழே வந்து காசோலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ரஜீவன் எழுந்து வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அங்கிள், உங்க கோப்பு அஞ்சு கையெழுத்துல நாலு வாங்கிருச்சு. அஞ்சாவது தலைவருது. அவரு வாரா வாரம் காசோலை கொடுக்கப் போயிடறாரு, கையெழுத்துப் போட நேரமில்ல.”

“அப்ப பணம் வந்தப்புறம் கட்டறேனே.”

“ஐயோ, அப்படிச் செஞ்சிடாதீங்க. ஒரு தவணை விட்டாலும் உங்க பேரு கடன் கட்டாதவங்க பட்டியலுக்குப் போயிடும். அதுல இருக்கறவங்களுக்குக் கடன் கொடுக்கக்கூடாதுன்னு விதி.”

மணியம் மறுபடி மாடியேறிப் போய், மயிலம்மாள் சீட்டுப் பிடித்து வைத்திருந்த பணத்திலிருந்து நானூற்றுப் பன்னிரண்டைக் கட்டினார். குமுதினி ரசீதை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று மாலை நடந்ததையெல்லாம் மயிலம்மாள் கேட்டு முடித்தாள். பிறகு கேட்டாள்.

“ஏங்க, நானும் ஒரு படம் புடிச்சுக்கறேன். அந்தப் படத்துல இருக்கற சோத்த நீங்க சாப்பிடறீங்களா?”

இரண்டாம் தவணைக்குப் பணம் இல்லை. நிலத்தில் வெட்டக் குலை இல்லை. மணியம் போர்டிக்சனில் ஒரு கடற்கரை ஹோட்டலில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். வாரநாளில் அங்கேயே ஆட்களோடு தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீடு வருவார். மயிலம்மாள் கோலா கிளாவாங் பாசார் சந்தையில் வடை போட்டாள். ஐம்பத்தெட்டு வயதில், சொந்த நிலத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவன் புல்லை வெட்டி, வாங்காத கடனை அடைத்துவந்தார் மணியம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பயிர்க் கண்காணிப்பு அதிகாரி முகுந்தன் வந்தார். முழங்கால் வரைக்கும் புது ரப்பர் காலணி. கையில் படிவம்.

“நட்டு மூணு மாசம் ஆகியிருக்கணும். கன்னுங்க எங்க அங்கிள்?”

“நடலயே தம்பி. பணம் வரல.”

“அது வேற பிரிவு” என்றார் முகுந்தன். “நான் கன்னுங்கள மட்டும்தான் பாப்பேன்.” சாய்ந்து மக்கிக் கிடந்த மரங்களின் மேல் ஏறி நின்று நிலத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு சொல்லிக்கொண்டே எழுதினார். “பட்டுப்போன கன்று, ஒன்றும் இல்லை. எலி கடித்தது, ஒன்றும் இல்லை. பன்றி தோண்டியது, இல்லை. இலை மஞ்சளானது, இல்லை.”

“தம்பி, மக்கின மரத்துல காண்டாமிருக வண்டு பெருகிக்கிட்டு இருக்கு. சீக்கிரம் நட்டு மருந்தடிக்கலன்னா...”

“கன்னுகள வண்டு தாக்கியிருக்கா?”

“கன்னே இல்லையே!”

“அப்ப வண்டுத் தாக்குதல், இல்லை.” முகுந்தன் படிவத்தை மூடினார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. “அங்கிள், இந்த ஜெலுபு வட்டாரத்துலயே இவ்வளவு ஆரோக்கியமான தோட்டம் நான் பாத்ததில்ல. முதல் தரம் போட்டிருக்கேன்.”

வெயிலில் நடந்த களைப்பில் அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். மயிலம்மாள் ஒரு காலி கிளாஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“டீ குடிங்க தம்பி.”

முகுந்தன் கிளாஸுக்குள் பார்த்தார். “இதுல ஒண்ணும் இல்லையே ஆண்டி.”

“ஈ விழல, எறும்பு விழல, சீனி கூடல. முதல் தரம்லா.”

முதல் தரம் வாங்கியதற்கும் தவணை தவறாததற்கும் பரிசாக ஆகஸ்டில் மணியத்துக்கு அழைப்பு வந்தது. ‘கடன் ஒழுக்க முகாம்’. ஒரு நாள் பயிற்சி. வராதவர்களின் கோப்பு நிறுத்தி வைக்கப்படும். இடத்தைப் படித்ததும் மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவர் புல் வெட்டும் அதே ஹோட்டல்.

ஆகவே அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தான் முந்தின நாள் வெட்டிய புல்லைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி மணியம் முகாமில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் கோட்டுப் போட்டிருந்தார். மூன்று தடவை எல்லோரையும் எழுந்து கை தட்டச் சொன்ன பிறகு, விரலை நீட்டிக் கேட்டார்.

“உங்கள் முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பது யார்?”

“நிதியம்” என்றார் மணியம்.

“தவறு. சரியான விடை: நான்.”

“நீங்களா சார்?”

“இல்லை, நீங்கள்! எல்லோரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நான்!”

“நான், நான்” என்று முப்பது விவசாயிகள் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்கள். வெளியே போன ஹோட்டல் மேற்பார்வையாளர் உள்ளே மணியத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சாவு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவர் ராமசாமி. போர்டிக்சன் பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர். பேச்சுக் கொடுத்தார்.

“எதுக்கு உங்களக் கூப்பிட்டாங்க?”

“ஒழுங்கா கட்டறேன்னு.”

“நான் கட்டலன்னு கூப்பிட்டிருக்காங்க. உங்களப் பாத்துக் கத்துக்கணுமாம்.”

“உங்களுக்குப் பணம் வந்துச்சா?” மணியத்தின் குரலில் பொறாமையே வந்துவிட்டது.

“வந்துச்சு, வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள எடுத்து வச்ச கன்னு கெட்டுப் போச்சு. வீட்டுச் செலவுக்குக் கடைக்கார தவுக்கேகிட்ட வாங்கினது ஏறிக்கிட்டே போச்சு. நிதியத்துப் பணம் வந்த அன்னிக்கே தவுக்கே வந்து எடுத்துக்கிட்டாரு. நிலம் மொட்டையா கிடக்கு. எத வெட்டிண்ணே தவணை கட்ட?”

அந்தோனி மணியத்துக்காக எடுத்து வைத்த கன்றுகளுக்கு இன்னும் மூன்று மாதம் கெடு இருந்தது. ராமசாமியைப் போல ஆகக்கூடாது. மழைக்கு முன்னால் எப்படியாவது வாங்கிவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒரு தவணைகூடப் பிந்தாமல் கட்டுவது.

கட்டினார். செப்டம்பரில் கட்டினார். அக்டோபரில் மழை தொடங்கியது, கட்டினார். ரஜீவனுக்கு வாரம் ஒரு தடவை போன் போட்டார். “அஞ்சாவது கையெழுத்துதான் அங்கிள், மேசை வரைக்கும் போயிருச்சு” என்பார் ரஜீவன்.

நவம்பரில் குமுதினியே போன் பண்ணினார்.

“வாழ்த்துகள் அங்கிள்! இந்த வருஷத்துச் சிறந்த கடனாளி விருது உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை ரஹாங் மண்டபத்துல விழா. தலைவர் கையால.”

“தலைவர் வர்றாராம்மா? அவரு கையெழுத்து...”

“அவரே வர்றாரே, அப்புறம் என்ன?”

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அந்தோனியும் போன் பண்ணினார். “மணியண்ணே, மன்னிச்சுக்குங்க. ரெம்பாவ்ல ஒரு கம்பெனிக்காரன் மொத்தமா கேக்கறான். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன். பாதிப் பணமாச்சும் கொண்டாந்தீங்கன்னா லோரியில ஏத்திடலாம். மழை மண்ணு, இப்ப நட்டாதான் புடிக்கும்.”

“கொண்டாந்துடுவேன் அந்தோனி. தலைவர இன்னிக்கு நேர்லயே பாக்கறேன்.”

மயிலம்மாளும் கூட வந்தாள். “அந்தக் கையெழுத்த அவரு எங்க போடுவாரு? பேப்பர் இல்லன்னா என் கையிலயே போடச் சொல்லுங்க” என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் ஒரு பேனாவை மறக்காமல் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

மண்டபத்தில் அதே உறுமி. அதே நாற்காலிகள். ஒழுங்காகத் தவணை கட்டிய பதினான்கு பேர் முதல் வரிசையில். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா மூன்றரைக்குத் தொடங்கியது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“விவசாயி கடனைத் திருப்பிக் கட்டமாட்டான் என்று உலகம் சொல்கிறது. இதோ, இந்தப் பதினான்கு பேரும் அதைப் பொய்யாக்கியிருக்கிறார்கள்! பணம் வரும், போகும். ஒழுக்கம் வந்தால் போகாது. இவர்களிடம் பணம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை ஏற்பட்டதும் இல்லை. கட்டினார்களா? கட்டினார்கள். அது போதும்!”

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மணியம் மேடைக்கு அழைக்கப்பட்டார். கழுத்தில் மாலை விழுந்தது. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. மண்டபத்துக் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

“இரண்டு வார்த்தை பேசுங்கள்” என்று தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

மணியம் தொண்டையைச் செருமினார். கீழே மயிலம்மாள் பேனாவைத் தூக்கிக் காட்டினாள்.

“ஐயா... எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விருது கொடுத்ததுல ரொம்ப சந்தோஷம். ஏழு தவணை கட்டியிருக்கேன். ஆனா ஐயா, அந்தக் கடன் பணம் எனக்கு இன்னும் வரல. உங்க ஒரு கையெழுத்துதான் பாக்கி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பண்ணையில கன்னு எடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிடும். ஒரு வருஷம் மரமும் இல்லாம, கன்னும் இல்லாம... கொஞ்சம் தயவு பண்ணி இங்கயே போட்டீங்கன்னா...”

உறுமிக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். “எனக்கும் வரல ஐயா.” பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்தார். “எனக்கும்தான்.” ஒவ்வொருவராக எழுந்து, மற்றப் பதின்மூன்று பேரும் நின்றார்கள்.

தலைவர் ரஜீவனைக் கூப்பிட்டார். ரஜீவன் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையேறினார். ஒலிபெருக்கியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“என்ன ரஜீவன் இது? இவங்க யாருக்குமே பணம் கொடுக்கலயா?”

“இந்தப் பதினாலு பேருக்கும் இன்னும் இல்ல சார். உங்க கையெழுத்துக்கு நிக்குது.”

“அப்ப யாருக்குத்தான் கொடுத்தோம்?”

“முப்பத்தோரு பேருக்குக் கொடுத்திருக்கோம் சார். பருவம் தப்பிப் போய்ச் சேர்ந்ததால அவங்க யாரும் நட முடியல. அதுல தவணை கட்டறவங்க...” ரஜீவன் புரட்டிப் பார்த்தார். “ஒருத்தரும் இல்ல சார்.”

மயிலம்மாள் படியேறி மேடைக்கே வந்து, பேனாவின் மூடியைக் கழற்றித் தலைவரின் கையில் வைத்தாள். ரஜீவன் மணியத்தின் கோப்பை மேலே எடுத்துத் திறந்து பிடித்தார்.

தலைவர் பேனாவைப் பிடித்தபடி கண்ணை மூடி யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எதிரே நின்ற பதினான்கு பேரையும் வாஞ்சையோடு பார்த்தார்.

“பணம் வாங்கின முப்பத்தோரு பேரும் கட்டல, வாங்காத பதினாலு பேரும் ஒரு நாள் பிந்தாம கட்டறாங்க. அப்புறம் எதுக்குலா ரஜீவன், பணத்தக் கொடுத்து நல்ல மனுஷங்களையும் நாமளே கெடுக்கணும்?”